குரல்கள் போன பிறகு

மகள் பிறந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தூக்கம் வேண்டாமல் போய்விட்டது. தூங்க முடியாத தவிப்பு இல்லை, களைப்பே தெரியவில்லை. குழந்தை தூங்கும்போதும் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். எப்போது பால் குடித்தாள், எவ்வளவு நேரம் அழுதாள், அந்த எண்களுக்குள் எனக்காக ஒளித்து வைத்திருக்கும் செய்தி என்ன என்று பக்கம் பக்கமாக. "எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கா" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் பயம் வந்தது. மின்விசிறிச் சத்தத்தில் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன். கொஞ்ச நேரத்தில் அதே குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன், பிறகு சிரித்தேன். "தூக்கம் கெட்டா இப்படித்தான்" என்றார் அம்மா. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அன்றிரவே என்னை அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். நோட்டையும் மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். மருத்துவர் அதைத்தான் முதலில் படித்தார்.

போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ், அதாவது பிரசவத்துக்குப் பிறகு வரும் தீவிர மனநோய் என்றார். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் 2 வாரங்களுக்குள். பைபோலார் (மனநிலை அளவுகடந்த உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். எனக்கோ அதற்கு முன் எந்த மனநோயும் இருந்ததில்லை. தைராய்டு, கிருமித்தொற்று ஏதும் காரணமா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குரல்களையும் பொய்யான நம்பிக்கைகளையும் அடக்கும் ஆன்டிசைக்கோடிக் மாத்திரை, பிறகு மனநிலையைச் சீராக்கும் லித்தியம் கொடுத்தார்கள். லித்தியம் தாய்ப்பாலில் கலக்கும் என்பதால் பால் கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். மார்பு கட்டிக்கொண்டு வலித்த அந்த நாட்களைப் பற்றி எழுத இன்றைக்கும் கை வரவில்லை.

குரல்கள் சில வாரங்களில் போய்விட்டன. அதற்குப் பின்னால் வந்த மனச்சோர்வுதான் மாதக்கணக்கில் நின்றது. இந்த நோயில் அதுவும் அடிக்கடி நடப்பதுதான். எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இனி எல்லாம் சரி என்று வீடு நிம்மதியாக இருந்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டவே எனக்குக் கை நடுங்கியது. அக்கா தண்ணீர் ஊற்றுவாள், நான் சோப்பு மட்டும் போடுவேன். வெகுநாள் அப்படியே போனது. ஒருநாள் துவட்டிச் சட்டை போட்டுவிட்டுத் திரும்பினால் அக்கா அங்கே இல்லை. எப்போதோ போன் பேச வெளியே போயிருக்கிறாள்.

பிரசவமான பெண் தூங்காமல், களைக்காமல், வேகவேகமாகப் பேசிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். அவளையும் குழந்தையையும் தனியே விடாதீர்கள். அவளைத் திட்டவும் வேண்டாம்.

அடுத்த பிரசவத்தில் இது திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. இன்னொரு குழந்தை வேண்டுமா என்று நானும் கணவரும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். வேண்டும் என்றால், கருத்தரிக்கும் முன்பே மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவோம்.