பேக்டிக் எங்கிருந்து வந்தது?

எடை மெஷினிலிருந்து வந்த பதிவில் ஒரு வரி இப்படி இருந்தது: 12`4.350. எடைக்கு நடுவில் பேக்டிக்குக்கு, அந்த சாய்ந்த சின்னக் கோட்டுக்கு, என்ன வேலை? கேபிளை மாற்றினோம், எர்த் பார்த்தோம், மெஷின் செய்தவரிடம் சண்டை போட்டோம். "எங்க மெஷின்ல அந்த எழுத்தே கிடையாதுங்க" என்றார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகச் சொன்னதால் மேற்கொண்டு கோபப்படவும் முடியவில்லை.

லினக்ஸ் ஓடும் பெட்டியாக இருந்தால் மெஷினின் சீரியல் தரவை யுஎஸ்பிக்கு மாற்றும் எஃப்டி232ஆர் சிப்பைச் செருகியதும், லினக்ஸின் மையமான கர்னலில் இருக்கும் டிரைவரே (சிப்போடு பேசும் நிரல்) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். எங்களிடம் இருந்தது சின்ன மைக்ரோகன்ட்ரோலர். யுஎஸ்பி சீரியல் டிரைவரை நான்தான் எழுதினேன். அந்த சிப் அனுப்பும் பாக்கெட்டின் தலையில் இரண்டு பைட் நிலைத் தகவல் இருக்கும் என்று தெரியும். அதை வெட்டிவிட்டுத்தான் மிச்சத்தை மேலே கொடுத்தேன். ஒரு வருடம் எந்தப் புகாரும் இல்லை.

கடைசியில், வெட்டுவதற்கு முன்பே பைட்டுகளை ஹெக்ஸில், அதாவது பதினாறடி எண்களாக, கொட்டிப் பார்த்தேன். தலையில் 01 60. அப்புறம் 62 பைட் தரவு, மறுபடியும் 01 60, மறுபடியும் 62. அந்த 60க்கு 'அனுப்ப எதுவும் பாக்கி இல்லை' என்று அர்த்தம். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அதுவே பேக்டிக். 01 திரையில் தெரியாது. நான் ஒரே தடவையில் 512 பைட் கேட்டிருந்தேன். அதில் 64 பைட் பாக்கெட்டுகள் எட்டு அடங்கும், எட்டுக்கும் தனித்தனித் தலை. முதல் தலையை மட்டும் வெட்டியிருக்கிறேன்.

சரி, ஒரு வருடம் எப்படித் தப்பித்தது? பழைய மெஷினின் வேகம் 9600 பாட். நொடிக்கு 960 பைட்தான். பாக்கெட் நிரம்பாவிட்டாலும் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை சிப் கையில் இருப்பதை அனுப்பிவிடும். அதற்குள் சேர்வது 15 பைட். நிரம்பாத பாக்கெட் வந்தாலே அந்த வாசிப்பு முடிந்துவிடும், ஆக இரண்டாவது தலை வரவே வராது. புது மெஷின் 115200. ஐந்தரை மில்லி விநாடியில் 62 பைட் நிரம்பிவிடுகிறது. மெஷின்காரரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

64 பைட்டுக்கு ஒருமுறை இரண்டை வெட்டும்படி லூப் போட்டேன். அதோடு முடிந்ததா? அடுத்த சர்க்யூட் பலகையில் அதே குடும்பத்து எஃப்டி2232எச் சிப். அது யுஎஸ்பியின் வேகமான ஹை ஸ்பீட் வகை, பாக்கெட் 512 பைட். என் லூப் இப்போது நல்ல இலக்கங்களையே வெட்டித் தின்றது. பேக்டிக்காவது கண்ணில் பட்டது. காணாமல் போன இலக்கம் படவில்லை, 124 கிலோ 1 கிலோ ஆனபோதுதான் தெரிந்தது. அப்புறம்தான் பாக்கெட் அளவை சிப் தன்னைப் பற்றித் தானே சொல்லும் எண்ட்பாயிண்ட் டிஸ்கிரிப்டரிலிருந்தே படிக்க ஆரம்பித்தேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இதற்கிடையில் சர்வர் பக்கத்துத் தம்பி ஒருவர் பேக்டிக்கை நீக்க ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. எடுத்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும் அண்ணா, எதுக்கும்" என்றார்.