கடைமடைக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரி

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடும், மற்றக் காலத்தில் வயலோடு வயலாகக் கிடக்கும். எங்களுக்கு எல்லாமே கிணறுதான். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை அதன் வெடிப்புகளில் இறங்கி, அடியில் கிடக்கும் உப்பு நீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதந்து நிற்கும். அதை இறைத்துத்தான் வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் செய்தோம். அங்கே பிறந்து வளர்ந்து, கல்யாணமாகித் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரி வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்துக்கு வந்தவள் நான். விசா, பதிவு என்று அலைந்த கதை தனி, அது இங்கே வேண்டாம். பேச்சும் சாமியும் சோறும் ஒன்றாக இருந்தும், வந்திருப்பது வேறு நாடு என்பது தண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வளவுக்கும், அதாவது வீட்டு மனைக்கும், ஒரு வேலி, உள்ளே ஒரு கிணறு. தண்ணீர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். இங்கே வீடுகள் தெருவாக நெருங்கி நிற்கின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். ஏன் இப்படி என்று வந்த புதிதில் விளங்கவில்லை. முதல் கார்த்திகை மழையில் விளங்கியது. களிமண் தரை, சரிவே இல்லாத நிலம். தண்ணீர் வந்தால் வடிய நாளாகும். ஆற்றங்கரையும் அதை ஒட்டிய மேடும்தான் மனிதர் குடியிருக்கத் தோதான இடம். கோயிலும் கடைத்தெருவும் அதே மேட்டில்தான்.

அப்புறம், காத்திருப்பு. சித்திரை பிறந்ததிலிருந்தே மாமாவின் கேள்வி ஒன்றுதான்: "மேட்டூர்ல எத்தனை அடி?" 1934-இல் கட்டி முடித்த அணை. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும்போது இங்கே வெயில்தான் கொளுத்தும். அந்த மலையின் மழை காவிரியில் வந்து குறுவை நெல்லை எழுப்ப வேண்டும். ஐப்பசியில் நம் மழை வந்து சம்பா நெல்லைத் தூக்கிவிட வேண்டும். எங்கோ பெய்யும் மழையை நம்பி விதைப்பது எனக்குப் பயமாகவே இருந்தது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன எண்ணை இந்த ஊரில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு, கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து, கடைசியில்தான் எங்களுக்கு வரும். "மேல உள்ளவங்களுக்குப் பாஞ்சாத்தாம்மா நமக்கு" என்பார் மாமா. மதகைத் திறக்க லஸ்கர் என்ற பாசனப் பணியாளர் வருவார், முறை வைப்பார்கள், சில இரவுகளில் சண்டையும் வரும். ஆனால் வாய்க்கால் தூர் வாரும்போது சண்டை போட்டவர்களே சேர்ந்து நிற்பார்கள். யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டோடு பேசாமலே ஒரு போகம் செய்துவிடலாம். இங்கே முடியாது. இந்த மண்ணின் இந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தை மாதம் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும் போதும், அது விளைந்துவிடும். கிணற்றடியில் வளர்ந்த எனக்கு, இறைக்காமல் ஒரு பயிர் என்பது அதிசயமாகத்தான் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் வயலோடு நிற்கவில்லை. சுவாமிமலையில் மெழுகுச் சிலைக்கு மேல் பூசுவது காவிரி வண்டலைத்தான். மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அதற்குள் உலோகத்தை ஊற்றித்தான் சாமி சிலைகள் வார்க்கிறார்கள்.

இந்த இரண்டு மண்ணும் ஒன்றுக்கொன்று தேவைப்பட்டே வந்திருக்கின்றன. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே கடல் 60 கிலோமீட்டர்கூட இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களைச் சொல்லும்போது பட்டினப்பாலை 'ஈழத்து உணவு' என்றும் சொல்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தது 1658 என்ற ஒரே ஆண்டில். யாழ்ப்பாணத்து நெல் யாழ்ப்பாணத்துக்குப் போதாது; தஞ்சைக் கரையிலிருந்து அரிசி போனது, அங்கிருந்து பனைமரம் இந்தக் கரைக்கு வந்தது. ஆறு இருந்த பக்கம் அரிசி, ஆறு இல்லாத பக்கம் பனை. நிலமும் நீரும் குறைவு என்பதால்தான் எங்கள் ஆட்கள் படிப்பையும் உத்தியோகத்தையும் பிடித்துக்கொண்டு மலாயா வரை போனார்கள் என்று நினைக்கிறேன். போரில் நின்றுபோன கடல் வழி மறுபடி திறந்து, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய செய்தியைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். அத்தை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்த ஊரோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. வெள்ளக் காலத்தில் காவிரியின் கிளையான கொள்ளிடம் நிறைந்து ஓடினால், "தண்ணி வீணா கடலுக்குப் போகுது" என்பார்கள். போக வேண்டிய தண்ணீர் அது. ஆற்றில் வரத்து நின்ற மாதங்களில் கடல் நீர் ஆற்று வழியாகவே உள்ளே ஏறுவதை இந்தக் கடைமடையில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு நிற்பதற்கும் கோரையாறும் பாமணியாறும் கொண்டுபோய்ச் சேர்க்கும் நல்ல தண்ணீர் வேண்டும். மேல் டெல்டாவில் குறுவைக்கு ஆழ்குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள், மின்சாரம் இலவசம். கடலுக்குப் பக்கத்தில் அதே வேலையைச் செய்தால் குழாயில் உப்புதான் வரும். யாழ்ப்பாணத்தில் கணக்கில்லாமல் இறைத்த தோட்டக் கிணறுகள் உப்பேறிச் சவராகிப்போனதைச் சிறு வயதிலேயே பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

வேதாரண்யம் பக்கத்து மணல் மேடுகளில் இன்னும் மேல்மட்டத்திலேயே நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அதில்தான் அங்கே மாவும் முல்லையும் வளர்க்கிறார்கள். 2018 கஜா புயலில் விழுந்த தோப்புகளை மறுபடி நட்டவர்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் நட்டார்கள். அந்த மேடுகளில் மண் அள்ளக் கூடாது என்று கிராமசபையில் நான் பேசினேன். என் பேச்சைக் கேட்டுச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் யாரும் இடைமறிக்கவில்லை. எங்கள் கொல்லையில் தூர்ந்து கிடந்த குட்டையை இந்தக் கோடையில் வெட்டி ஆழப்படுத்தியிருக்கிறோம். மாமா முதலில் செலவு என்றார், பிறகு அவரே வரப்பு கட்டினார். ஐப்பசி மழையில் அது நிறைந்தால், பக்கத்து மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் குட்டையை வெட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.