மஞ்சள் பிளேட் மங்கி

போன மாதம் ஹோண்டா மங்கி என்ற என் குட்டி பைக்கின் வெள்ளை நம்பர் பிளேட்டைக் கழற்றி நகராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு மஞ்சள் பிளேட் வாங்கி வந்தேன். போட்டோ அனுப்பியதும் மதுரையிலிருந்து மச்சானின் முதல் கேள்வி: "மஞ்சள் போர்டா? டாக்ஸி ஓட்டப் போறியாடா?" நம் ஊரில் மஞ்சள் என்றால் வாடகை வண்டி, அவன் கேட்டது நியாயம்தான். ஜப்பானில் சின்ன பைக்குகளுக்கு அந்த நிறம் எஞ்சினின் அளவைச் சொல்கிறது. 50 சிசி வரை வெள்ளை, 51 முதல் 90 வரை மஞ்சள், 91 முதல் 125 வரை இளஞ்சிவப்பு. என் வண்டி இப்போது 88 சிசி.

மங்கியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 8 இஞ்ச் சக்கரம், சீட் என் முழங்கால் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், எடை ஒரு ஒல்லியான ஆளின் எடை. 1961-இல் டோக்கியோவுக்கு மேற்கே ஹினோவில் ஹோண்டா நடத்திய தாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காகச் செய்த இசட்100 என்ற குட்டி வண்டியில் ஆரம்பித்த வம்சம் இது. பெரியவர்கள் அதில் குந்தி ஓட்டுவது குரங்கு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். 1967-இல் சாலையில் ஓட்டும் மாடலாக ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, 2017 வரை 50 சிசியாகவே ஓடியது, 2018-இல் 125 சிசியாகத் திரும்பி வந்தது. தாமா டெக் 2009-இல் மூடிவிட்டார்கள். நான் குடியிருப்பது அங்கிருந்து நாலு ஸ்டேஷன் தள்ளி. என்னுடையது தொண்ணூறுகளின் கார்புரேட்டர் மாடல், நாலு கியர், கிக் ஸ்டார்ட்.

வாங்கியதிலிருந்து அதை ரசித்தேன், ஆனால் சாலையில் நிம்மதி இல்லை. வெள்ளை பிளேட் வண்டிக்கு இங்கே சட்டப்படி உச்ச வேகம் 30 கிலோமீட்டர். ஹினோ, ஹச்சியோஜி வழியாகப் போகும் 20-ஆம் எண் தேசியச் சாலையில் மற்ற வண்டிகள் ஐம்பதுக்கு மேல் போய்க்கொண்டிருக்க, நான் இடது ஓரத்தில் வெள்ளைக் கோட்டை ஒட்டி முப்பதில் போவேன். ஒவ்வொரு லாரியும் தாண்டும்போது காற்று வண்டியை ஒரு அடி உள்ளே இழுக்கும். அப்புறம் வலது பக்கம் திரும்புவது. மூன்று லேன் அல்லது அதற்கு மேல் இருக்கிற சிக்னலில் 50 சிசிக்காரன் நேராகத் திரும்பக் கூடாது. முதலில் நேரே கடந்து, எதிர் மூலையில் நின்று, வண்டியைத் திருப்பி வைத்து, அந்தப் பக்கத்துப் பச்சை விழும்வரை காத்திருக்க வேண்டும். ரெண்டு பேரும் ஒரு நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் 50 பைபாஸில் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்குப் பழகவே நாளாயிற்று.

மஞ்சளுக்கோ இளஞ்சிவப்புக்கோ மாறிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் போய்விடும். 60 வரை போகலாம், மற்ற வண்டிகளோடு நேராகத் திரும்பலாம். அதனால்தான் சொல்கிறேன், மங்கியில் போர்-அப், அதாவது சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி சிசியைக் கூட்டுவது, செய்வதில் கிடைக்கும் பெரிய லாபம் குதிரைசக்தியைவிட அந்த பிளேட்தான். குதிரைசக்தி மூன்றிலிருந்து எவ்வளவு கூடினாலும் இது சின்ன வண்டிதான். லாரிக்கு முன்னால் தன் லேனில் தைரியமாக நிற்க முடிவது வேறு விஷயம்.

கணக்கு எளிது. கம்பெனி சிலிண்டரின் போர், அதாவது துளையின் விட்டம், 39 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரம், 41.4, மொத்தம் 49 சிசி. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டைத் தொடாமல் போரை மட்டும் 52 ஆக்கினால் 88. கிராங்கையும் மாற்றினால் 106, 124 என்று போய்க்கொண்டே இருக்கலாம். அதற்கு எஞ்சினை இறக்கி கேஸைப் பிளக்க வேண்டும், செலவு மூன்று மடங்கு. அந்தச் சின்ன ஃப்ரேமும் 8 இஞ்ச் டயரும் அதற்கு மேல் தாங்குமா என்று யோசித்தால் எனக்கு 88 போதும் என்றே பட்டது. இப்போதும் அதே கருத்துதான்.

ஆனால் எஞ்சினைத் தொடுவதற்கு முன் லைசென்ஸ். இங்கே கார் லைசென்ஸ் இருந்தால் 50 சிசி ஓட்டலாம், 51 ஆனதும் அது செல்லாது. இந்திய லைசென்ஸை மாற்றி வாங்கிய கார் லைசென்ஸ்தான் என்னிடம் இருந்தது. 125 சிசி வரைக்கான லைசென்ஸுக்கு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். ஊரில் பத்து வருடம் பைக் ஓட்டிய எனக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருந்தது. 30 சென்டிமீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் ஒரு பலகைப் பாலம். அதன்மேல் 5 விநாடிக்குக் குறையாமல் மெதுவாகக் கடக்க வேண்டும், சக்கரம் விழுந்தால் ஃபெயில். பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு கிளட்சை அரைகுறையாக விட்டு, கண்ணைப் பாலத்தின் கடைசியில் வைத்துக்கொண்டு போகப் பழகியது மங்கிக்கு அப்படியே உதவுகிறது, ஏனென்றால் 8 இஞ்ச் சக்கரம் ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் தலையாட்டும்.

அடுத்தது பிரேக். இரண்டு பக்கமும் டிரம், அதுவும் டீ டம்ளர் வாய் அளவுக்குத்தான். ஷூ, கேபிள், டயர் எல்லாம் புதிதாகப் போட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சிலிண்டர் கிட்டையே ஆர்டர் செய்தேன். நிற்கத் தெரியாத வண்டிக்கு இழுவை கூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எஞ்சின் வேலை ஒரு சனிக்கிழமை, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில். மங்கி எஞ்சின் கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும், ஹெட்டும் சிலிண்டரும் முன்பக்கமாகவே உருவி வந்துவிடும். பயமாக இருக்கும் இடம் பிஸ்டன் பின்னின் கிளிப். குண்டூசி கனத்தில் ஒரு வளையம், கை நழுவி கேஸுக்குள் விழுந்தால் மொத்த எஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான். அதனால் கனெக்டிங் ராடைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியை அடைத்துவிட்டுத்தான் கிளிப்பில் கை வைத்தேன். புதுப் பிஸ்டன் தலையில் 'ஐஎன்' என்று பொறித்திருக்கும், அது இன்டேக் பக்கம், அதாவது மேலே பார்க்க வேண்டும். ரிங்குகளுக்கு எண்ணெய் தடவி, வாய்களைத் தள்ளித் தள்ளி வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே சிலிண்டரை ஏற்றும்போது 'டக்' என்று ஒவ்வொரு ரிங்காக உள்ளே போகும். கேம் செயின் மாட்டும்போது ஃப்ளைவீலில் 'டி' குறி கேஸின் குறிக்கு நேராகவும், கேம் ஸ்ப்ராக்கெட்டின் வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராகவும் இருக்க வேண்டும். மூன்று முறை சரிபார்த்தேன்.

கூடவே கெய்ஹின் பிசி20 கார்புரேட்டர், கொஞ்சம் விறைப்பான கிளட்ச் ஸ்பிரிங், முன் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூடுதல். கிளட்சை விட்டுவிடாதீர்கள். 88 சிசியின் இழுவைக்குப் பழைய ஸ்பிரிங் வழுக்கும், சத்தம் மட்டும் ஏறும், வண்டி போகாது. சைலன்சர் சத்தம் குறைந்ததாகத்தான் வாங்கினேன். மரச்சுவர் வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெரு, விடிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்கிறேன்.

சரி, இப்போது பிளேட். 125 சிசி வரை பதிவு நகராட்சியின் வரிப் பிரிவில்தான், ஏனென்றால் இது உள்ளாட்சி வரி. மஞ்சளுக்கு ஆண்டுக்கு 2,000 யென், வெள்ளைக்கும் அதேதான். வெள்ளை பிளேட்டைக் கொடுத்து அந்தப் பதிவை முடித்து, கொள்ளளவு மாறிய வண்டியாகப் புதிதாக எழுதிக்கொடுக்க வேண்டும். என்னென்ன காகிதம் என்பது ஊருக்கு ஊர் மாறும், முதலில் போன் செய்து கேட்டுவிடுங்கள். என்னிடம் கேட்டது கிட் வாங்கிய ரசீது, போர், ஸ்ட்ரோக் அச்சடித்த தாள், வேலையின் போட்டோ, அப்புறம் ஃப்ரேம் நம்பரின் பென்சில் பதிவு. கடைசியைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு சந்தோஷம். ஃப்ரேம் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது, நம் ஊரில் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஏஜென்ட் அண்ணன்கள் செல்லோ டேப்பில் எடுப்பார்களே, அதே வேலை. கவுன்டரில் இருந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து அரை மணி நேரத்தில் பிளேட்டைக் கையில் கொடுத்தார். அதே மத்தியானம் கட்டாய இன்ஷூரன்ஸிலும் புது நம்பரை மாற்றிக்கொண்டேன். இதை மறக்கக் கூடாது.

இங்கே இரண்டு குறுக்கு வழிகள் உண்டு, இரண்டும் வேண்டாம். ஒன்று, 88 போட்டுவிட்டு வெள்ளை பிளேட்டிலேயே ஓட்டுவது. வெறும் கார் லைசென்ஸ்காரர் அப்படி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு என்ன பதில் சொல்வது? மற்றொன்று இதன் தலைகீழ். எஞ்சினைத் தொடாமலே 'போர்-அப் செய்துவிட்டேன்' என்று எழுதிக்கொடுத்து மஞ்சள் வாங்குவது. முப்பது வேகத்திலிருந்து தப்பிக்கும் ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் அது அரசாங்கத்திடம் கொடுக்கும் பொய் வாக்குமூலம்.

'ஊரில் இப்படிச் செய்யலாமா' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. குட்டி பைக்கில் வேகம் பார்க்க வேண்டுமென்றால் அங்கே கோ-கார்ட் டிராக்தான் இடம். ஜப்பானிலும் 2025 ஏப்ரலிலிருந்து, 125 சிசிக்குள் இருந்து சக்தி 4 கிலோவாட்டுக்கு மிகாமல் கட்டுப்படுத்திய வண்டிகளும் வெள்ளை பிளேட்டில் வந்துவிட்டன. 30 வேகம் அவற்றுக்கும் உண்டு. 50 சிசியைப் பிரித்துக் கோக்கும் இந்தப் பழக்கம் இனி பழைய வண்டிகளோடுதான்.

புது பிஸ்டன் பழகுவதற்காக மெதுவாக ஓட்டும் ரன்-இன் முதல் நாளில் ஒரு கோளாறு. பத்து கிலோமீட்டர் போயிருப்பேன், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் உடனே இறங்கவில்லை. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு பிளக்கைக் கழற்றினால் வெள்ளை வெளேர் என்று இருந்தது. எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்து பார்த்தேன், இன்டேக் மேனிஃபோல்டின் ஓ-ரிங் பள்ளத்தில் உட்காராமல் ஓரத்தில் நசுங்கியிருந்தது. புது ஓ-ரிங் போட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றிய பிறகு பிளக் நல்ல டிகாக்ஷன் காபி நிறத்துக்கு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒகுதாமா ஏரி வரை போய் வந்தேன். மேட்டில் முன்பெல்லாம் இரண்டாவது கியரில் முனகும் இடங்களை மூன்றிலேயே ஏறியது. ஏரிக்கரையில் ஒரு தாத்தா ரொம்ப நேரம் வண்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்ததும் "எத்தனை சிசி?" என்று கேட்டார். எண்பத்தெட்டு என்றேன், அவரும் இளவயதில் 75 போட்டு ஓட்டினாராம். ஆயில் எவ்வளவு அடிக்கடி மாற்றுகிறாய் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. நல்ல கேள்வி, இதில் காகித ஃபில்டர் கிடையாது, வெறும் சல்லடைதான், ஆயிலும் அரை லிட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். 100 கிலோமீட்டரில் ஒரு தடவை மாற்றிவிட்டேன், 300-இல் மறுபடி மாற்ற வேண்டும். அன்றைக்கே வால்வ் கிளியரன்ஸையும், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியையும், பார்த்துவிடுவேன், இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர்.