சூடு ஆறாமல் அளந்தவன்

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கோவை கணபதியில் பம்பு ஷாஃப்ட் செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். முதல் வாரமே வாங்கிக் கட்டிக்கொண்டேன். 25 மி.மீ. பேரிங் சீட், அதாவது ஷாஃப்டில் பேரிங் இறுக்கமாக உட்காரும் இடம்; அளவு 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கிரைண்டிங்கிலிருந்து எடுத்த கையோடு மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்து நாற்பது ஷாஃப்டை அடுக்கிவிட்டேன். சாயங்காலம் ஃபோர்மேன் அண்ணன் அளந்தால் பாதி லூஸ்.

"சூடு ஆறாம அளந்தா இப்படித்தான் தம்பி. இதெல்லாம் படிக்கலையா?"

படித்திருக்கிறேன். வெப்ப விரிவுக் கணக்கில் முழு மார்க். இந்தத் தடிமனுக்கு இருபது டிகிரி சூடு ஐந்தாறு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கூட்டிக் காட்டும் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

ஆறு வருஷம் அங்கேயே இருந்தேன். சம்பளம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் ஒரு ஷிஃப்டில் உண்மையாகவே எத்தனை பீஸ் இறங்கும் என்று தெரிந்தது.

அந்தக் கணக்குதான் பேங்க்கில் கைகொடுத்தது. சொந்தமாக கிரைண்டிங் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் பீஸை வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுப்பது) போட, மாவட்டத் தொழில் மையம் வழியாக, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் விண்ணப்பித்தேன். மொத்தம் 12 லட்சம். 10 சதவீதம் கைக்காசு, 25 சதவீதம் அரசு மானியம். பத்தாவதோடு நின்றிருந்தால் மனுவே போட முடியாது. அந்த வகையில் டிப்ளமோவுக்கு ஒரு கும்பிடு. திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தவர் ஒரு நாளைக்கு 300 பீஸ் என்று போட்டிருந்தார். "எப்படிங்க முடியும்?" என்றார் பேங்க் மேனேஜர். மழுங்கிய கிரைண்டிங் கல்லைச் சீவி டிரஸ் பண்ணும் நேரம், செட்டிங், கரண்ட் போவது எல்லாம் கழித்து, அவர் முன்னாலேயே 180 என்று திருத்தினேன். எண்ணைக் குறைத்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். அப்புறம் பயிற்சி, கையெழுத்து, அலைச்சல். அதை விடுங்கள்.

முதல் ஆர்டர் பழைய முதலாளி கொடுத்தது.

எனக்குத் தெரியாமல் போனது வசூல்தான். பணம் வரவில்லை என்று முதலாளி போனில் கத்துவதைத் தினமும் கேட்டிருக்கிறேன்; அது அவர் தலைவலி என்று இருந்துவிட்டேன். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, உள்ள என்னைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பில்லிலேயே அச்சடித்து வைத்திருக்கிறேன். இழுத்தடிக்கும் பார்ட்டி மேல் ஆன்லைனில் புகாரும் கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த லோடு வராது. அதனால் சனிக்கிழமை காலையில் நேரில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். டீ வருகிறது. சில வாரம் செக்கும் வருகிறது.