கம்போரோ வைரஸின் விபி2 புரதம்: கரைய வைத்த அனுபவம்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு, வைரஸால் கோழிகளுக்கு வரும் கம்போரோ நோயை விளக்க வேண்டியதில்லை. 3 முதல் 6 வார வயதுக் குஞ்சுகளைத்தான் அதிகம் தாக்கும். பர்சா என்ற உறுப்பில் உள்ள, ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) உருவாக்கும் பி செல்களை அழிப்பதால், பிழைத்த குஞ்சுக்கும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும். தடுப்பு மருந்து உண்டு, ஆனால் நாள் பார்த்துக் கொடுக்க வேண்டும். தாய்க்கோழியிடமிருந்து வந்த ஆன்டிபாடி நிறைய இருக்கும்போது கொடுத்தால் மருந்து வீண். தள்ளிப்போட்டால் வைரஸ் முந்திக்கொள்ளும். அதனால்தான் ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் எலைசா சோதனை பார்க்கிறோம்.

அந்த எலைசா தட்டில் பூசுவதற்கு, உயிருள்ள வைரஸை வளர்க்காமல் அதன் வெளி ஓட்டுப் புரதமான விபி2-ஐ மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிப்பதுதான் என் ஆய்வு. இறந்த குஞ்சின் பர்சாவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்து, சுமார் 1,300 எழுத்து நீள மரபணுவைப் பெருக்கி, புரதத்தைப் பிரித்தெடுக்க உதவும் ஹிஸ்டிடின் வால் சேரும்படி பிளாஸ்மிடில் (மரபணுவை பாக்டீரியாவுக்குள் கொண்டுசெல்லும் டி.என்.ஏ. வளையம்) ஏற்றினோம். அதுவரை சிரமமில்லை.

37 டிகிரியில், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி சேர்த்ததும் ஜெல்லில் தடிமனான புரதப் பட்டை வந்தது. ஆனால் செல்களை உடைத்துச் சுழற்றிப் பார்த்தால் புரதம் முழுக்க அடியில் கட்டியாகக் கிடந்தது. 8 மோலார் யூரியா ஊற்றினால் கரைந்துவிடும், நிறையவும் கிடைக்கும். பலர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது என்பதே என் கருத்து. வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகள் விபி2-இன் மடிப்பைப் பார்த்துத்தான் ஒட்டும்; யூரியா அந்த மடிப்பை அவிழ்த்துவிடுகிறது. நோயிலிருந்து மீண்ட கோழிகளின் சீரத்தை (ரத்தத் தெளிநீர்) வைத்துப் பார்த்தபோது தட்டில் நிறம் மங்கலாகவே வந்தது.

அப்புறம் வேகத்தைக் குறைத்தோம். கல்ச்சரைக் குளிர வைத்து, ஐபிடிஜியை 0.2 மில்லிமோலாராக்கி, 18 டிகிரியில் இரவு முழுக்க ஷேக்கரில் விட்டோம். மொத்த அளவு குறைந்தது, ஆனால் ஒரு பகுதி கரைந்த நிலையிலேயே கிடைத்தது. மின்தடை வந்தால் வெப்பநிலை ஏறிவிடுமே என்று யுபிஎஸ் பக்கத்திலேயே காவல் இருந்த இரவுகளும் உண்டு. ஹிஸ்டிடின் வாலைப் பிடித்துக்கொள்ளும் நிக்கல் குழாயில் (column) ஏற்றி, அந்தப் பிடியைத் தளர்த்தும் இமிடசோலில் 20 மில்லிமோலார் வைத்துக் கழுவி, 250-இல் இறக்கினோம். இமிடசோலை டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே வெளியேற்றி) நீக்கும்போது அவசரப்படக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். எங்களுக்கு ஒரேயடியாக மாற்றியபோது புரதம் திரிந்து வெள்ளையாகப் படிந்தது.

ரத்தம் எடுக்கப் போன ஒரு பண்ணையில், "ஏனுங்க அம்மணி, இந்தத் தட்டுல எங்க குஞ்சுக்கு எப்ப மருந்து குடுக்கலாம்னு தெரிஞ்சிருமுங்களா?" என்று அண்ணன் ஒருவர் கேட்டார். அதற்காகத்தானுங்க அண்ணா இவ்வளவு பாடும் என்றேன்.

மடிந்த புரதம் பூசிய தட்டில் அதே சீரம் பளிச்சென்று நிறம் காட்டியது. நோய் படாத, மருந்து கொடுக்காத கோழியின் சீரம் வெறுமையாக நின்றது. இப்போது 10 சதவீதக் கிளிசராலில் சிறுசிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்திருக்கிறோம். ஒருமுறை உருக்கிய குழாயைத் திரும்ப உறைய வைப்பதில்லை. அடுத்து, ஒரே பண்ணையின் குஞ்சுகளில் வயது ஏற ஏறத் தாய்வழி ஆன்டிபாடி எப்படி இறங்குகிறது என்று இதே தட்டில் அளக்கத் தொடங்கியிருக்கிறோம்.