சென்னையில் கட்டிய பார்சலுக்கு லண்டனில் எவ்வளவு வரி?

தி.நகர்க் கடையில் சல்வார் ஆர்டர் போட்டாச்சு, பணமும் கட்டியாச்சு. மூன்று வாரம் கழித்து வீட்டுக் கதவிடுக்கில் ராயல் மெயிலின் சாம்பல் நிறக் கார்டு கிடக்கிறது: "கட்டணம் செலுத்த வேண்டும்". எதற்கு, எப்படி இந்தத் தொகை வந்தது என்று அதில் ஒரு வரிகூடப் புரியாது. கணக்கு உண்மையில் எளிதுதான். ஆனால் அது தொடங்குவது லண்டனில் அல்ல, அனுப்புகிறவர் பார்சலின் மேல் ஒட்டும் சுங்க அறிவிப்புப் படிவத்தில். (வட அயர்லாந்துக்குச் சில விதிகள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு.)

முதலில் 135 பவுண்டு. பொருளின் விலை இதற்குள் இருந்தால் சுங்கவரி கிடையாது, வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி மட்டும்தான். தாண்டினால் இரண்டும் உண்டு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 135-ஐத் தாண்டியதா என்று பார்க்கும்போது தபால் செலவையும் காப்பீட்டையும் சேர்ப்பதில்லை. தாண்டிவிட்டது என்று முடிவான பிறகு, வரி போடும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒரே பார்சலுக்கு இரண்டு அளவுகோல்.

தைத்த உடைகளுக்கு வழக்கமான சுங்கவரி பெரும்பாலும் 12 சதவீதம், வாட் 20 சதவீதம். 150 பவுண்டு சல்வார் செட், தபால் செலவு 25 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 175-க்கு 12 சதவீதம் 21 பவுண்டு. இனி வாட் 175-க்கு அல்ல, சுங்கவரியையும் சேர்த்து 196-க்கு: 39.20. ஆக வரி 60.20. ராயல் மெயில் கையாளும் கட்டணம் 8 பவுண்டு. கையை விட்டுப் போவது 68.20. அதே செட் 130 பவுண்டாக இருந்திருந்தால் சுங்கவரி இல்லை. விற்பவரே விற்கும்போது வாட் வசூலித்திருந்தால் 155-க்கு 31 பவுண்டோடு முடிந்திருக்கும். விலையில் 20 பவுண்டு கூடியதற்கு 37.20 கூடுதல் செலவு. 135-க்குச் சற்று மேலே நிற்கும் ஆர்டரில் ஒரு துப்பட்டாவைக் கழற்றிவிடுவது நல்லது என்பது இதனால்தான். ரூபாயைப் பவுண்டாக்குவது பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. மாதாமாதம் வெளியிடும் மாற்றுவீதப்படி; உங்கள் வங்கி அட்டையில் கழிந்த தொகைப்படி அல்ல. அதனால் 133, 134 என்று விளிம்பில் நிற்க வேண்டாம்.

135-க்குள் இருக்கும் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் விற்பவரே விற்கும்போது வாட் வசூலிக்க வேண்டும். முன்பிருந்த 15 பவுண்டு விலக்கும் அன்றோடு போய்விட்டது. எட்சி, ஈபே, அமேசான் போன்ற தளங்களில் வாங்கினால் தளமே வாட்டைப் பிடித்துக்கொள்ளும். நேரே கடையில் வாங்கினால்? அந்தக் கடை பிரிட்டனில் வாட் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாண்டி பஜாரில் எத்தனை கடை செய்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சில பார்சல் சத்தமில்லாமல் வந்து சேரும், சிலது பில்லோடு வரும். முதலாவதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தளத்தில் வாட் கட்டிய பிறகும் வாசலில் மறுபடி கேட்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அனுப்பியவர் தளத்தின் வாட் எண்ணைப் பார்சல் விவரத்தில் போட மறந்திருப்பார். ஆர்டர் ரசீதில் வாட் தனியாகக் காட்டப்பட்டிருக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது "கிஃப்ட்". கடைக்காரர் போனில் அன்பாகக் கேட்பார்: "கிஃப்ட்னு போட்டுடவா சார், வரி வராது." வேண்டாம்ணே, பில்லில் இருப்பதையே போடுங்க என்று சொல்லிவிடுங்கள். பரிசு என்பது தனிமனிதர் தனிமனிதருக்கு, பிறந்தநாள், திருமணநாள், பண்டிகை போன்ற ஒன்றுக்காகத் தன் காசில் வாங்கி அனுப்புவது. நீங்கள் பணம் கட்டி வாங்கியது பரிசு ஆகாது. கடையின் முத்திரையோடு வரும் பெட்டியில் "கிஃப்ட்" என்று எழுதினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். விலையைக் குறைத்து எழுதுவதிலும் இரட்டை நஷ்டம். பொய் அறிவிப்பு என்று பார்சலைப் பறிமுதல் செய்யலாம். வழியில் தொலைந்தால் இழப்பீட்டுக்கும் அந்தக் குறைந்த விலைதான் ஆதாரமாக நிற்கும்.

உண்மையான பரிசுக்குச் சலுகை உண்டு. 39 பவுண்டு வரை வாட் இல்லை. 39-ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுவதற்கும் வாட். 135 முதல் 630 வரை சுங்கவரி 2.5 சதவீதம் (பொருளுக்கான வீதம் அதைவிடக் குறைவென்றால் அந்த வீதம்). 630-க்கு மேல் பொருளுக்குரிய வழக்கமான வீதம். மதுவுக்கும் புகையிலைக்கும் விதிகள் தனி. மதுரைச் சித்தி தீபாவளிக்கு ஒரே பெட்டியில் மூன்று பேருக்கு அனுப்புகிறார் என்றால், ஒவ்வொருவருக்கும் அந்த 39 பவுண்டு தனித்தனியாகக் கிடைக்கும். நிபந்தனை: ஒவ்வொருவர் பரிசும் தனித்தனியாகச் சுற்றியிருக்க வேண்டும், படிவத்தில் ஒவ்வொன்றும் விலையோடு தனி வரியாக இருக்க வேண்டும். ஒரே துணிப்பையில் எல்லாவற்றையும் திணித்து "துணிமணி, 9,000 ரூபாய்" என்று எழுதினால் சலுகை போச்சு.

படிவத்தில் எப்படி எழுதுவது? "டிரஸ்", "பர்சனல் ஐட்டம்ஸ்" என்று எழுதினால் அதிகாரி பெட்டியைப் பிரிக்கலாம், அல்லது தானே ஒரு மதிப்புப் போடலாம். "மகளிர் பருத்திச் சல்வார், தைத்தது, 2, 4,200 ரூபாய்" என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். சுங்க வகைப்பாட்டின் 6 இலக்க எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது. இன்வாய்ஸில் ஒரு நகல் வெளியே உறையில், இன்னொன்று உள்ளே. புத்தகம் சேர்ந்து போகிறதா? கட்டாயம் தனி வரி. அச்சுப் புத்தகத்துக்குச் சுங்கவரியும் இல்லை, வாட்டும் பூஜ்யம். குழந்தைகள் உடைக்கும் வாட் பூஜ்யம். புடவையோடு ஒரே வரியில் கலந்தால் எல்லாவற்றுக்கும் 20 விழும். உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் கடை இருக்கும் ஊரை எழுதக் கூடாது. சென்னையில் வாங்கிய சீனப் பொம்மை சீனப் பொருள்தான். நெய், பால்பொடி, கருவாட்டுப் பக்கத்தில் சொருகும் உப்புக்கண்டம் எல்லாம் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள்களைத் தபாலில் அனுப்ப அனுமதியில்லை. வரி கட்டினாலும் வந்து சேராது.

எதில் அனுப்புகிறார்கள் என்பதும் பில்லை மாற்றும். ஸ்பீட் போஸ்டில் போட்டால் இங்கே கொண்டுவருவது ராயல் மெயில் குழுமத்தின் கூரியர் பிரிவான பார்சல்ஃபோர்ஸ். அதன் கட்டணம் ராயல் மெயிலின் 8 பவுண்டைவிடக் கூட. தனியார் கூரியர் வரியைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டு, வரித்தொகையில் ஒரு வீதமோ குறைந்தபட்சக் கட்டணமோ, எது கூடவோ அதைச் சேர்த்துக் கேட்கும். சின்னப் பார்சலுக்கு வரியைவிட இந்தக் கட்டணம் பெரிதாகிவிடுவதும் உண்டு. அவசரமில்லாத 40 பவுண்டுச் சாமானைக் கூரியரில் வரவழைப்பது என் கணக்கில் வீண்.

கார்டு வந்தால் சுமார் மூன்று வாரம் பார்சலை வைத்திருப்பார்கள். அதற்குள் கட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும். வரி தவறு என்று தோன்றினாலும் முதலில் கட்டி வாங்கிவிட்டுப் பிறகு திரும்பக் கேளுங்கள். ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழி வந்ததற்கு பி.ஓ.ஆர். 286 படிவம், கூரியர் வழி வந்ததற்கு சி285. பெட்டியைக் கிழித்து எறிவதற்கு முன் வரிச் சீட்டையும் சுங்கப் படிவத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸும் பணம் கட்டிய வங்கி விவரமும் சேர்ந்தால்தான் கோரிக்கை நிற்கும். அளவு சேராமல் திருப்பி அனுப்பிய உடைக்கும் இதே வழிதான். ஆனால் வாங்கும்போதே கட்டிய வாட்டை விற்றவரிடமே கேட்க வேண்டும்.

"1.99 பவுண்டு கட்டினால் பார்சல் விடுவிக்கப்படும்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். கார்டில் உள்ள எண்ணை ராயல் மெயில் தளத்துக்கு நீங்களே போய்த் தட்டிப் பாருங்கள்.

135 பவுண்டுச் சுங்கவரி விலக்கையும் 2029 மார்ச்சுக்குள் எடுத்துவிடப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். துப்பட்டாவைக் கழற்றும் வித்தைக்கு அதுவரைதான் ஆயுள்.