பின்சுவர் 28 மில்லிமீட்டர்

ஐவிஎஃப் சிகிச்சையில் முதல் இரண்டு தடவை கர்ப்பப்பைக்குள் கரு வைத்தபோதும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "லைனிங் 9 மில்லிமீட்டர், சூப்பரா இருக்கும்மா." லைனிங் என்றால் கர்ப்பப்பையின் உள்படலம். இரண்டுமே நல்ல தரமான ஐந்தாம் நாள் கரு. இரண்டு தடவையும் கர்ப்பமா என்று பார்க்கும் பீட்டா ஹெச்சிஜி ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. உறைய வைத்த ஐந்தில் மூன்று மிச்சம். "கரு ஒட்டலம்மா, அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

காலேஜ் படிக்கும்போதிருந்தே மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் என்னால் எழுந்து நடக்க முடியாது. கட்டி கட்டியாகப் போகும். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆன பிறகு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். என் ஃபைல் அரை கிலோ இருக்கும். அதில் இந்த வலியைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மூன்றாவது முயற்சிக்கு வேறு டாக்டரம்மாவிடம் போனோம். ஃபைலைத் திறக்கும் முன்பே "பீரியட்ஸ் வலி எப்படி?" என்றார். அப்புறம் உள்வழி ஸ்கேன். வழக்கமாக இரண்டு அளவு எடுத்து முடித்துவிடுவார்கள். இவர் கருவியை அசைக்காமல் மூன்று நான்கு நிமிடம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பதிவை வேகமாக ஓட்டிக் காட்டினார். கர்ப்பப்பையின் உள்விளிம்பு, கொடியில் காயும் வேட்டி காற்றுக்கு அசைவதுபோல நெளிந்துகொண்டிருந்தது. என் உடம்புக்குள் அப்படி ஒன்று நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கர்ப்பப்பை முழுக்கத் தசைதான். கரு ஒட்டுகிற படலம் அதற்கு உள்பக்கம் மெல்லிசாக இருக்கும். முட்டை வெளிவரும் வரை அந்தத் தசை வாய்ப்பக்கமிருந்து மேல்நோக்கி அலை அலையாகச் சுருங்கி, விந்தணு மேலே போக உதவும். முட்டை வந்த பிறகு புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரந்து அதை அடக்கிவிட வேண்டும். கரு வைக்கும் நேரத்தில் சுருக்கம் அதிகமாக இருந்தவர்களுக்குக் கர்ப்பம் தங்குவது குறைந்ததை பிரான்ஸ் மருத்துவர்கள் 1998-லேயே எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கர்ப்பப்பையின் முன்சுவர் 14, பின்சுவர் 28 மில்லிமீட்டர். எம்ஆர்ஐயில் படலத்தை ஒட்டிய உள்தசை அடுக்கு 14. அது 12-ஐத் தாண்டினாலே அடினோமயோசிஸ் என்று சந்தேகப்படுவார்களாம். அதாவது, படலத்தில் இருக்க வேண்டிய திசு தசைக்குள் புகுந்து, தசை தடித்துப்போவது. ரிப்போர்ட்டைப் படித்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை ஸ்கேனிலும் அந்தச் சுவர் திரையில் இருந்திருக்கிறதே!

சுருக்கத்தை நிறுத்த மருந்து இல்லையா என்று கேட்டேன். அடோசிபான் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் 800 பெண்களை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துப் பலன் தெரியவில்லை என்றார். எனக்கு லூப்ரோலைடு 3.75 மில்லிகிராம் ஊசி, 28 நாள் இடைவெளியில் இரண்டு. அது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை வற்ற வைத்து, தடித்த தசையைக் கொஞ்சம் மெலிய வைக்கும். தற்காலிக மெனோபாஸ்தான். மார்கழிக் குளிரில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "எனக்கு நாப்பத்தெட்டுல வந்தது உனக்கு முப்பத்து மூணுலயே வந்துட்டா?" என்றார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். மூட்டு வலியும் தூக்கமின்மையும் மட்டும் சிரிக்கிற விஷயமாக இல்லை.

அப்புறம் வழக்கமான பாதை: படலம் வளர மாத்திரை, பிறகு தினமும் புரோஜெஸ்டிரான் எண்ணெய் ஊசி. போட்ட இடமெல்லாம் கல்லுபோலக் கட்டிக்கொள்ளும், வெந்நீர் ஒத்தடம்தான் கதி. பின்சுவர் 22-க்கு இறங்கியிருந்தது. கரு வைக்கும் அன்று காலையும் கருவியை அசைக்காமல் பிடித்து எண்ணினார். நிமிடத்துக்கு இரண்டு அலைகூட இல்லை. சிறுநீர் முட்டிக்கொண்டிருக்க, மெல்லிய குழாய் கர்ப்பப்பையின் உச்சியை இடிக்காமல் உள்ளே போனது. இடித்தால் தசை விழித்துக்கொள்ளுமாம். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் படுத்தே கிடக்க வேண்டாம், நடக்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

இந்தத் தடவை பீட்டா 312. இரண்டு நாள் கழித்து 700-ஐத் தாண்டியது.

ஊசியால்தானா என்று கேட்டேன். "எப்படிம்மா சொல்றது? ஊசி போடாம இதே கருவை வெச்சுப் பார்த்திருந்தாத்தானே தெரியும்" என்றார். இப்போது 24-ஆவது வாரம். அடினோமயோசிஸ் இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால் அடிக்கடி வரச் சொல்லியிருக்கிறார். நேற்றைய ஸ்கேனில் குழந்தை அந்தப் பின்சுவர் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு கிடந்தது.